வலியின் அருமை அறிந்த மருத்துவர்

கொல்லிமலை என்றதும் தமிழ் இலக்கியம் பயின்ற நண்பர்களுக்கு வல்வில் ஓரியின் நினைவு வரும். கொல்லிப்பாவையின் நினைவும் வரும். என்னைப் போன்ற அறிவியல் மாணவனுக்கு அம்மலையின் பெயரைக் கேட்டவுடன் வேறொருவர் நினைவுக்கு வருகிறார். அவர் வில் எடுத்தவர் அல்லர். அறுவை மருத்துவரின் சிறு கத்தியை எடுத்தவர். டாக்டர் பால் பிராண்ட் என்பது அவர் பெயர். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஆயினும் அவர் பிறந்த மண் கொல்லிமலை; அவர் கண்ட பெரும் உண்மைகள் விளைந்த மண் செங்கற்பட்டும் வேலூரும்.

என் தாயாரின் ஊர் சேந்தமங்கலம். அம்மலையின் அடிவாரத்தில் இருப்பது. பிழைப்பு நாடி மும்பைக்கு வந்து மான்குர்த்தில் குடியேறிய எங்கள் வீட்டில் ஊர்ப் பேச்சு எழும்போதெல்லாம், மலைமேல் மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்த வெள்ளைக்காரக் கிழவியைப் பற்றி என் பாட்டி சொல்வார். அந்த அம்மையார் யார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பௌதிக முதுகலைக்கு வந்த பிறகு, ஆய்வுக்காக வலியைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் அவர் டாக்டர் பிராண்டின் தாயார் ஈவ்லின் என்று அறிந்தேன். அன்று தொடங்கி இவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். நம் சங்க இதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்டபோது வேறு பொருள் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

1914 ஜூலை 17ஆம் நாள் பால் பிராண்ட் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் கட்டடத் தொழில் அறிந்தவர். கிறிஸ்தவ ஊழியத்துக்காக வந்தவர். ஓரளவு மருத்துவமும் கற்றவர். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிச் செல்லும் அம்மலைக்கு அந்நாளில் சாலை கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். இயலாதவர்களை டோலியில் தூக்கிச் செல்ல வேண்டும். மலேரியா மலிந்த இடம். நரம்புச்சிலந்திப் புழு தோலுக்குள் புகுந்து வருந்தியவர் பலர். அப்புழுவை அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றித் தந்தையார் வெளியே எடுப்பதைச் சிறுவன் பால் பார்த்திருக்கிறான். சீழும் குருதியும் அவனுக்கு அருவருப்பையே தந்தன. மருத்துவன் ஆகக் கூடாது என்று அந்த வயதிலேயே அவன் முடிவு செய்துவிட்டான்.

இன்னொரு நிகழ்ச்சியும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. ஒருநாள் முன்பின் அறியாத மூவர் மலையேறி வந்தனர். அவர்களுடைய கைகால்களில் புண், விரல்கள் குறைந்திருந்தன. யார் வந்தாலும் வெறுங்கையால் தொட்டு மருந்திடும் தந்தையார் அன்று மட்டும் கையுறை அணிந்துகொண்டார். பிள்ளைகளை அருகே வர விடவில்லை. தொழுநோய் என்றால் எல்லாருக்கும் அச்சம் இருந்த காலம் அது. மருந்தறிந்த மனிதரிடமும் அந்த அச்சம் இருந்தது என்பதைச் சிறுவன் கண்டான்.

ஒன்பதாம் வயதில், 1923இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு தந்தையை அவர் காணவே இல்லை. 1929இல் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் வந்து சேர்ந்த பின்னரும், தந்தை முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பியிருந்த கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தனவாம். ஊரில் தந்தையை விட்டுப் பட்டணத்தில் படித்த நம்மவர் பலருக்கு இதன் கொடுமை நன்றாக விளங்கும்.

மருத்துவப் படிப்புக்குப் பணம் தர உறவினர் ஒருவர் முன்வந்தும் பிராண்ட் மறுத்துவிட்டார். தந்தையைப் போல மலையில் வீடு கட்ட வேண்டும் என்பதே அவர் விருப்பம். தச்சு வேலையும் கல் வேலையும் சில ஆண்டுகள் முறையாகப் பயின்றார். ஊழியத்துக்குச் செல்வோர்க்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோதுதான் மனம் மாறியது. பிறகு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த நகரத்தில் அறுவை மருத்துவம் கற்றார். உடன் பயின்ற மார்கரெட்டை 1943இல் மணந்தார். அவர் பின்னாளில் தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் பெயர் பெற்றவர். தச்சு வேலையில் கழிந்த ஆண்டுகள் வீண் என்று எவரேனும் எண்ணினால் அவர் பின்னே சொல்லப் போவதைப் படிக்கட்டும். நாணையும் கப்பியையும் கயிற்றையும் அறிந்த கை அல்லவா அது!

1946இன் இறுதியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைப்பின் பேரில் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய நிலையம் அது. காக்ரேன் தொழுநோய்த் துறையில் தலைசிறந்தவர். 1947இல் அவர் பிராண்டைச் செங்கற்பட்டில் உள்ள தொழுநோய் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தோட்டத்தில் அமர்ந்திருந்த நோயாளரின் கைகள் பறவையின் நகங்களைப் போல மடங்கியிருந்தன. காக்ரேன் தோலில் இருந்த தடிப்புகளைக் காட்டிக்கொண்டே போனார்; பிராண்டின் கண்களோ கைகளிலேயே இருந்தன. இவ்வளவு பேருக்குக் கை முடங்கியிருக்க, எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரேனும் இவற்றை ஆராய்ந்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடை. உலகில் இலட்சக்கணக்கானோரை முடமாக்கிய நோய் ஒன்றை எந்த அறுவை மருத்துவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது அவர் ஓர் இளைஞனின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, இயன்ற மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு எலும்பு நொறுங்குவது போன்ற வலி! அவரே கையை விடச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இளைஞனுக்கோ தான் இறுக்குவதே தெரியவில்லை. பிராண்டுக்கு இரண்டு உண்மைகள் ஒரே நொடியில் புலப்பட்டன. ஒன்று, அக்கை செத்த கை அன்று. முன்கையில் உள்ள வலிய தசைகள் உயிரோடு இருக்கின்றன. மற்றொன்று, எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வு அக்கைக்கு இல்லை. அவர் வாழ்நாள் முழுதும் செய்த ஆராய்ச்சிகள் யாவும் இவ்விரண்டிலிருந்து பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. அதுவும் எல்லா இடத்திலும் அன்று. முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் புறம் என நரம்பு தோலை ஒட்டி ஓடும் இடங்களில்தான் அது வீங்கிக் கெடுகிறது. இதைக் கண்டறிய இறந்த நோயாளி ஒருவரின் உடலை இரவோடிரவாக அறுத்து ஆராய்ந்தனர் பிராண்டும் அவர் தோழர்களும். உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியான இடங்களையே கிருமி நாடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. எனவே எந்தத் தசைகள் செயலிழக்கும், எவை தப்பும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். தப்பிய தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினால் விரல் மீண்டும் நிமிரும் அன்றோ?

1948 முதல் இத்தகைய அறுவைகளை வேலூரில் செய்தார். தொழுநோயாளரின் சதை கெட்ட சதை, தைத்தால் ஆறாது என்று அந்நாளில் பலர் நம்பினர். தைத்த புண் மற்றவர்க்கு ஆறுவது போலவே ஆறிற்று. பல்லாண்டுகள் மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன.

இங்கே நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. முன்கையின் நாணை நான்கு விரல்களுக்கும் பிரித்துக் கட்ட நீளம் போதாது. ஒட்டுப் போட மெல்லிய நீண்ட நாண் வேண்டும். அதற்கு அவர் காலை நாடினார். குதிகாலுக்கு மேலே நம் விரலுக்குத் தட்டுப்படும் தடித்த கயிறு போன்றது குதிநாண். உடலின் நாண்களில் அதுவே தடித்தது. அதன் உட்பக்கத்தை ஒட்டி நூல் போன்ற வேறொரு நாண் ஓடுகிறது. பிளான்டாரிஸ் என்று மருத்துவர் அதை அழைப்பர். சிலருக்கு அது இருப்பதே இல்லை. இல்லாதவர்கள் குறையொன்றும் இன்றி நடக்கிறார்கள். அதை உருவி எடுத்து நான்காகப் பிரித்து விரல்களுக்குக் கட்டினார் பிராண்ட். குதிகாலில் சும்மா கிடந்த நூல் சோறு பிசையும் கைக்கு உதவியது! தச்சனின் மூளைக்கே இது தோன்றும் என்பேன்.

கை சரியானவர் எல்லாரும் மகிழ்ந்தார்களா? சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். முடங்கிய கையைக் காட்டினால் பிச்சை விழும். நேரான கையைக் கண்டு எவரும் காசு போடுவதில்லை. தொழுநோயாளர் என்று அறிந்தவர் வேலையும் தருவதில்லை. அறுவை மட்டும் போதாது என்று பிராண்ட் உணர்ந்தது அப்போதுதான். கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சிற்றூரை அமைத்து, அங்கே தங்கியவர்களுக்குத் தாமே தச்சு வேலை கற்பித்தார். 1955இல் காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் உருவாயிற்று.

மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவரைப் பற்றியும் ஒரு சொல். 1954இல் வண்டி விபத்தில் முதுகெலும்பு முறிந்து அவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போயிற்று. பிராண்டின் ஊக்கத்தால் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். அவர் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. அடுத்த இதழில் யாரேனும் ஒரு தோழியர் எழுதினால் நன்று.

இனி இரண்டாவது உண்மைக்கு வருவோம். திருத்திய விரல்கள் நவஜீவ நிலையத்தில் திரும்பவும் காயமுற்றன. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. அருகே நின்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகிவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் சாவி எலும்பு தெரியும்படி தோலைக் கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நம் விரல் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காமல் வலியால் நின்றுவிடும். அவன் விரலை நிறுத்துவார் இல்லை. இன்னும் சிலருக்கு இரவில் விரலின் ஒரு பகுதியே காணாமற் போயிற்று. ஏன் என்று ஒருவர் விழித்திருந்து பார்த்தார். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது, படுத்திருந்தவர் அசையவில்லை. அதன் பின் வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பூனையும் கொடுத்தனுப்பினாராம். படிக்கும்போது முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

விரல்கள் நோயால் உதிர்வதில்லை. வலி இல்லாமையால் நாள்தோறும் படும் சிறு காயங்களே அவற்றைத் தின்கின்றன. இதுவே பிராண்டின் கண்டுபிடிப்புகளில் தலையாயது. பல நூற்றாண்டுகளாக மக்கள் அந்நோயைக் கண்டு அஞ்சியதன் பெரும் பகுதி இந்த ஒரு வாக்கியத்தால் தகர்ந்தது.

அவரையே அந்த அச்சம் ஓர் இரவு பிடித்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணம் முடித்து, கப்பலிலும் பிறகு இரயிலிலும் காய்ச்சலோடு இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வு இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார். குருதி வந்தது, வலி வரவில்லை. பல்லாண்டுகளாகத் தொழுநோயாளரைத் தொட்டுப் பழகியவர், என்ன நினைத்திருப்பார்! மனைவி மக்களை விட்டு விலகுவதா, வேலூரில் தம்மை நம்பிப் பணிக்கு வந்தவர்களிடம் என்ன சொல்வது என்று எண்ணி எண்ணி இரவெல்லாம் உறங்கவில்லை. காலையில் மீண்டும் குத்தினார். வலி சுரீரென்று பாய்ந்தது, வாய்விட்டுக் கத்தினார். இரயிலில் காலை அசைக்காமல் நெடுநேரம் அமர்ந்ததால் நரம்பு நசுங்கி மரத்திருந்தது, அவ்வளவே. உலகில் ஊசிக் குத்துக்காக அத்தனை மகிழ்ந்தவர் வேறெவரும் இருக்க மாட்டார்.

இந்தக் குதிகால் கதையைப் படித்தபோது என் மேசைமேல் இன்னொரு குதிகால் பற்றிய குறிப்பேடு இருந்தது. அதைச் சிறிது சொல்லி விடுகிறேன். என் முதுகலை ஆய்வு, அழுத்தவலியை அளக்கும் கருவி ஒன்றைச் செய்வது. பார்வைக்கு மிக எளியது. கைப்பிடி, உள்ளே விசையை உணரும் தகடு, முனையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ரப்பர் வட்டு. அதை உடலின் ஓரிடத்தில் வைத்துச் சீராக அழுத்தம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வெறும் அழுத்தமாக இருந்தது வலியாக மாறும் நொடியில் நோயாளி சொல்ல வேண்டும். அப்போது காட்டும் எண்ணே வலியின் வாசல். மூன்று முறை அளந்து சராசரி காண்பது முறை.

குதிநாண் கெட்டவர்க்கு, குதி எலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் வரையுள்ள பகுதியில்தான் பெரும்பாலும் நோவு. காலையில் எழுந்து முதலில் ஊன்றும்போது விறைப்பு. பின் சற்றே தளரும். நெடுநேரம் நின்றால் மீண்டும் வரும். மருத்துவர் விரலிரண்டால் நாணைப் பற்றி அழுத்திப் பார்ப்பார். ஆனால் ஒருவர் விரல் அழுத்துவது போல் இன்னொருவர் விரல் அழுத்தாது. சென்ற மாதம் எவ்வளவு அழுத்தினோம் என்பதும் எந்த விரலுக்கும் நினைவிராது. எண் இருந்தால் ஒரு காலை மறு காலோடு ஒப்பிடலாம். இம்மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிடலாம். ஒரு காலின் நாணில் மட்டும் எண் தாழ்ந்திருந்தால் குறை அந்த நாணில் என்று எண்ண இடமுண்டு. தொடர்பில்லாத கையிலும் தோளிலும் கூடத் தாழ்ந்திருந்தால் குற்றம் நாணில் மட்டும் இல்லை, வலியை உணரும் நரம்பு மண்டலமே கூர்மையடைந்துவிட்டது என்று ஐயுற வேண்டும். கருவி தானே நோயைப் பெயர் சொல்லிக் காட்டிவிடாது. நாணின் உறையில் அழற்சியா, நாணிலேயே சிதைவா என்று அறிய ஒலியலைப் படமும் மருத்துவரின் கண்ணும் வேண்டும். அளவுகோல் துணிக்கடைக்காரருக்கு எப்படியோ அப்படித்தான் இதுவும்.

எங்கள் அப்பா ஒரு பண்டகசாலையில் மூட்டை இறக்குபவர். ஓராண்டாக இடக் குதிகாலில் நோவு. மான்குர்த் நிலையத்தின் மேம்பாலப் படியில் கைப்பிடியைப் பற்றி ஏறுவதை நான் பார்த்தேன்; கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அருகில் இருந்த மருத்துவர் ஒருவர் காலைத் தொடாமலே சுளுக்கு என்று சொல்லி மாத்திரை எழுதினார். கருவி ஓரளவு செம்மையானதும் அப்பாவின் இரு கால்களிலும் வைத்து அளந்தேன். வலக்காலில் ஐந்தரை கிலோ தாங்கிய நாண் இடக்காலில் இரண்டு கிலோவுக்கே வலித்தது. வாயால் ஒன்றுமில்லை என்று சொல்லும் மனிதர் எண்ணைப் பார்த்துப் பேசாமல் இருந்தார். மறுநாள் என்னோடு எலும்பு மருத்துவரிடம் வர ஒப்புக்கொண்டார். நாண் தடித்துச் சிதைந்திருப்பது படத்தில் தெரிந்தது. படியின் விளிம்பில் முன்காலால் நின்று குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியைச் சொன்னார். 1998இல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்பிரெட்சன் வெளியிட்ட முறை அது; பன்னிரண்டு வாரம், நாளைக்கு இருவேளை. எங்கள் மாடிப்படியில் காலையும் மாலையும் அப்பா அதைச் செய்தார். ஞாயிறுதோறும் நான் அளந்து எழுதினேன். மூன்றாம் மாதம் எண் நான்கைக் கடந்தது. அந்த மூன்று மாதமும் பாரம் குறைந்த வேலை, குறைந்த கூலி. வீட்டில் கடன் ஏறிற்று. அதையும் குறிப்பேட்டில் எழுத இடமிருந்தால் எழுதியிருப்பேன்.

வேலூரில் பிராண்ட் கண்ட நோயாளர்க்கு வலி பேசவில்லை. எங்கள் பகுதியில் உழைப்பவர்க்கு வலி பேசுகிறது. அவர்கள்தாம் அதன் வாயைப் பொத்துகிறார்கள். காரணம் வேறு, காலுக்கு விளையும் கேடு ஏறத்தாழ ஒன்றே. இவரை நான் விடாமல் படித்ததற்கு இதுவே காரணம்.

பிராண்டின் காலாராய்ச்சி கையாராய்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. நாம் நெடுந்தொலைவு நடக்கும்போது அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். குதியிலிருந்து பாதத்தின் ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து விரலுக்கும் பாரத்தை நகர்த்துகிறோம். உணர்வற்ற கால் அப்படிச் செய்வதில்லை. ஒரே இடத்தில் ஆயிரம் முறை, பதினாயிரம் முறை மிதிக்கிறது. முள்ளும் ஆணியும் செய்வதைவிட, தனித்துப் பார்த்தால் தீங்கற்ற இந்தச் சிறு அழுத்தம் திரும்பத் திரும்ப நிகழ்வதே புண்ணை உண்டாக்குகிறது என்று அவர் காட்டினார். புண் தோன்றுமுன் அவ்விடம் சூடேறுகிறது. நோயாளரின் பாதத்தைத் தம் உள்ளங்கையால் தடவியே எங்கே புண் வரப் போகிறது என்று சொல்வாராம். நுண்துளை ரப்பரில் செருப்பு செய்ய வைத்தார். புண் வந்த காலை மாவுக்கட்டில் இட்டு நடக்க விட்டால் ஆறும் என்ற முறையை இந்தியாவிலும் இலங்கையிலும் முன்பே சிலர் கையாண்டிருந்தனர்; இலங்கையின் மில்ராய் பால் அவர்களுள் ஒருவர். அதை விரிவாகச் செய்து உலகுக்கு எடுத்துச் சென்றவர் பிராண்ட்.

1960இல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று இருபதாண்டுகள் பணியாற்றினார். ஏன் சென்றார் என்று வருந்துவோர் உண்டு. பணமும் பொறியியலாரும் நிறைந்த இடத்தில் அவர் செய்த சோதனைகள் வேலூரில் அன்று இயலாதவை என்பதே என் கருத்து. சாயம் நிரம்பிய நுண்குமிழிகள் பதித்த காலுறையை அணிவித்து நடக்கச் செய்தார். அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழி உடைந்து நிறம் காட்டும். எலிகளின் பாதத்தில் இயந்திரத்தால் மீண்டும் மீண்டும் மெல்ல அழுத்தி, புண் எப்போது உண்டாகிறது என்று கணக்கெடுத்தார்.

அங்கேதான் அவர் தம் வாழ்வின் துணிவான முயற்சியில் இறங்கினார். அதில் தோற்கவும் செய்தார். உணர்வற்ற கைக்கும் காலுக்கும் செயற்கை வலியைப் படைக்க வேண்டும் என்பது நோக்கம். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் சிறு கருவிகளைப் பொருத்தி, வரம்பு மீறினால் ஒலி எழச் செய்தார்கள். அணிந்தவர்கள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. உணர்வு மிஞ்சியிருந்த இடத்தில் மின்னதிர்ச்சி தரச் செய்தார்கள். அது வலித்தது, ஆனால் ஒரு திருகாணியை முடுக்கியே தீர வேண்டும் என்று தோன்றினால், நோயாளி கருவியை நிறுத்திவிட்டு முடுக்கிய பின் மீண்டும் மாட்டிக்கொள்வார்! ஆண்டுகள் பல உழைத்தபின் திட்டத்தைக் கைவிட்டார்கள். நிறுத்தும் விசை நம் கையில் இல்லாததுதான் வலியின் வலிமை என்று பிராண்ட் கண்டுகொண்டார். கருவி செய்யும் மாணவனாகிய எனக்கு இந்தத் தோல்வி அவருடைய வெற்றிகளைவிடப் பயன் தந்தது. வலியை அளக்கலாம், செய்து கொடுக்க முடியாது. எத்தனை உயிரணுக்கள், எத்தனை வகை நரம்பிழைகள் ஒரு விரல் நுனியில் ஒத்துழைக்கின்றன என்பதை அத்திட்டத்தில் பணியாற்றிய பொறியியலாரே அதிகம் வியந்திருப்பர்.

ஆனால் அளக்கும் முயற்சி வீண்போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வான் பிரே குதிரை மயிரைத் தோலில் அழுத்தி உணர்வை அளந்தார். 1960இல் செம்மசும் வைன்ஸ்டைனும் மயிருக்குப் பதில் நைலான் இழை கொண்டு வந்தனர். குறிப்பிட்ட விசைக்கு மேல் இழை வளைந்துவிடும். ஆகவே யார் அழுத்தினாலும் ஒரே அளவே அழுத்தும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். மின்சாரம் வேண்டா, பழுது பார்க்க வேண்டா. 10 கிராம் விசை தரும் இழையை உணர இயலாத பாதம் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்ற வரம்பு கார்வில் மருத்துவமனையில் நடந்த ஆய்வுகளால் 1980களில் நிலைபெற்றது.

மகன் அமெரிக்காவில் இருந்தபோதும் தாய் ஈவ்லின் மலையை விட்டு இறங்கவில்லை. ஓய்வு வயது வந்துவிட்டது என்று சபை சொன்ன பின்னரும் மலை மலையாகச் சென்று பணி செய்து, 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள். மகன் 1986இல் ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் வாழ்ந்தார். வலியைப் பற்றித் தாம் அறிந்ததையெல்லாம் எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் நூலாக வெளியிட்டார். 2003 ஜூலை 8ஆம் நாள், 89 வயது நிரம்ப ஒன்பது நாட்கள் இருக்கையில், இயற்கை எய்தினார்.

வடாலாவில் 1890 முதல் இருந்து வரும் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையைத் துறைமுக வழி இரயிலில் போகும் நம்மில் பலர் பெயரளவில் அறிவோம். தொழுநோய்க்கு இன்று கூட்டு மருந்து உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் அதைப் பரிந்துரைத்தது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் கை முடங்காமல் காக்கலாம். ஆனால் பிராண்டின் 10 கிராம் இழையை இப்போது அதிகம் பயன்படுத்துவது தொழுநோய் மருத்துவர்கள் அல்லர். நீரிழிவு முகாம்களில், நம் பகுதியிலும், செருப்பைக் கழற்றச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்வார்கள். பாதத்தில் ஏதோ மெல்லத் தொடும். எந்த இடத்தில் தொட்டது என்று சொல்ல வேண்டும். அப்பாவையும் சென்ற மாதம் அப்படி உட்கார வைத்தார்கள். தொட்ட இடங்கள் அத்தனையும் சரியாகச் சொன்னார்.